குளம் வெட்டினால் மான் வருமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். ஆஸ்டினில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். போன ஆண்டு நானும் என் மைத்துனரும் சேர்ந்து டெக்சாஸ் 'ஹில் கன்ட்ரி'யில், ஜங்ஷன் ஊருக்கு அருகே 62 ஏக்கர் வாங்கினோம். முன்பு ஆடு மேய்ந்த நிலம். விவசாய நிலம் என்ற குறைந்த மதிப்பீட்டில்தான் வரி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. மோட்டாரைக் கழற்றிவிட்ட பழைய போர் கிணறு ஒன்று உண்டு. பக்கத்துப் பண்ணையில் பெரிய 'டேங்க்' இருப்பதால் மான்கள் எல்லாம் சாயங்காலம் அங்கேதான் போகின்றன. அரை ஏக்கரில் குளம் வெட்டித் தருவதாக ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வெட்டினால் நவம்பர் வேட்டை சீசனில் மான் எங்கள் பக்கம் வருமா? பரணைக் கரையிலேயே போட்டுவிடலாமா? வரிச்சலுகைக்கு இது உதவுமா? என் மனைவிக்கு வேட்டையில் துளியும் விருப்பமில்லை. 'எனக்கும் பார்க்க ஏதாவது வேண்டும்' என்கிறாள். ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

குளக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும், குளம் வேண்டாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்களின் வறண்ட பள்ளங்களை அந்த வட்டாரத்தில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக வேட்டை நிலங்களுக்கு வனவிலங்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் நான். வருகிற கேள்விகளில் பாதி உங்களுடையதைப் போன்றவைதான்.

முதலில் அந்த 'டேங்க்' விஷயம். டெக்சாஸில் மண்கரை போட்டு மழைநீர் தேக்கும் பள்ளத்தை டேங்க் என்பார்கள். மதராஸ் ராஜதானியின் பழைய ஆவணங்களைப் புரட்டினாலும் நம் ஏரிகளுக்கெல்லாம் அதே பெயர்தான். தருமபுரிக்காரரான உங்களுக்கு ஏரி நிலைக்க என்ன வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை: அடியில் களிமண், மேலே நீர்ப்பிடிப்பு. ஜங்ஷன் இருப்பது எட்வர்ட்ஸ் பீடபூமியில். அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் ஆயிரம் வெடிப்பு, பொந்து. மேல்மண் சாண் ஆழம் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே தோண்டிய பள்ளம் சல்லடை மாதிரி. பெண்டோனைட் களிமண் கொட்டி இறுக்கலாம், ரப்பர் விரிப்பு போடலாம். செலவு குளத்தின் விலையைத் தாண்டிவிடும். உங்கள் பக்கத்துக்காரரின் டேங்க் நிற்கிறது என்றால் அவருக்கு வண்டல் பள்ளம் ஒன்று வாய்த்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் அதே மண் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

சரி, கசியவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெயிலுக்கு என்ன பதில்? அந்தப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதோ ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு 20 சென்டிமீட்டர் அளவில் போகும். அரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். கணக்குப் போடுங்கள்: ஒரு மாதத்தில் நான்கு லட்சம் லிட்டர் காற்றில் கரைகிறது. அதே வெயிலில் இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தொட்டி இழப்பது அறுநூற்றுச் சொச்சம் லிட்டர். மான் எதில் குடித்தாலும் அதே நாலு லிட்டர்தான் குடிக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி, நவம்பரில் வருமா என்பது. உண்மையைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள். பெரும்பாலான ஆண்டுகளில் தண்ணீருக்காக வராது.

வெண்வால் மான் நூறு பவுண்டு எடைக்குக் கோடையில் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்தரை லிட்டர் வரை செலவழிக்கும். அவ்வளவையும் வாய்வைத்துக் குடிப்பதில்லை. தளிரிலும் பூண்டிலும் உள்ள ஈரம், காலைப் பனி, தின்றது செரிக்கும்போது உடம்புக்குள்ளேயே உண்டாகும் நீர் என்று ஒரு பங்கு அதில் கழிந்துவிடும். உங்கள் நிலத்தில் சப்பாத்திக்கள்ளி புதர் புதராக இருக்குமே, அதை அழித்துவிடாதீர்கள். நம் ஊரில் வேலிக்கும் வெறுப்புக்கும் உரியதான அந்தக் கள்ளிக்குத் தாய்நாடு இந்தக் கண்டம்தான். அதன் மடல் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வறட்சியில் மான் முள்ளைப் பொருட்படுத்தாமல் கடித்துத் தின்னும்.

மழை அங்கே இரண்டு முறை எட்டிப்பார்க்கும். ஒன்று மே மாதத்தை ஒட்டி, மற்றது செப்டம்பர், அக்டோபரில். அக்டோபர் மழை பெய்துவிட்டால் ஒவ்வொரு பாறைக் குழியிலும் தண்ணீர் நிற்கும். நவம்பரில் ஓக் மரக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். அப்போது மான் ஏன் உங்கள் தொட்டியைத் தேடி வரப்போகிறது? நல்ல கொட்டை விழுந்த ஆண்டில் சோளம் கொட்டும் ஃபீடரையே திரும்பிப் பார்க்காது. இணைசேரும் பருவத்தில் ஓடிக் களைத்த ஆண் மான் தண்ணீர் பக்கம் ஒதுங்கும் என்பது உண்மை. வறண்ட இலையுதிர் காலமாக இருந்தால் அது உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அதை நம்பி முதல் போட முடியாது.

அப்படியானால் தண்ணீர் எதற்கு? ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்கு. அந்த மலைநாட்டில் குட்டிகள் பெரும்பாலும் ஜூன் முதல் பாதியில் பிறக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் தேவை கூடும் நேரமும், பாறைக் குழிகள் காயும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. குடிக்க ஒரு மைல் போய்வர வேண்டிய தாய், குட்டியைப் படுக்கவைத்த இடத்தை விட்டு அதிக நேரம் விலகியிருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தால் சீக்கிரம் திரும்பிவிடும். கோயோட்டி என்ற நரிகளும் பாப்கேட் என்ற காட்டுப்பூனைகளும் அலையும் நாட்டில் அந்த அரைமணி நேரத்துக்கு மதிப்பு உண்டு. நீங்கள் இந்தக் கோடையில் ஊற்றும் தண்ணீர் நவம்பரில் மானைக் கூப்பிடாது. மூன்றாம் நவம்பர், நான்காம் நவம்பரில் சுடத் தகுந்த மான் ஒன்று இருப்பதற்கு அது ஒரு காரணமாகலாம். வேட்டைக்காரர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மைத்துனரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். வெண்வால் மான் ஒன்று சுற்றித் திரியும் பரப்பை ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்பார்கள். உங்களிடம் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. 'என் மான்', 'அவர் மான்' என்று எதுவும் இல்லை. பக்கத்துக்காரர் டேங்கில் குடிக்கும் மான் உங்கள் நிழலில் படுத்துவிட்டுத்தான் அங்கே போகிறது. அவர் தண்ணீர் தருகிறார். நீங்கள் மறைவும் இலையும் தாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். அதையும் தாண்டி உங்கள் பக்கம் தண்ணீர் வைக்க ஆசைப்படுகிறீர்கள், சரி. ஆனால் யார் குடிக்க?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் அழைக்கும் விருந்தாளியே வருவான் என்று தண்ணீர் உறுதி சொல்வதில்லை. ஜங்ஷன் பக்கம் முதலில் வரக்கூடியது யார் தெரியுமா? நம் ஊர் புள்ளிமான். வியப்பாக இருக்கிறதா? 1930களில் வேட்டைக்காக டெக்சாஸுக்குக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் வேலி தாண்டிப் பெருகி இன்று அந்த மலைநாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அங்கே அதன் பெயர் ஆக்சிஸ். முதுமலையில் அதைச் சுட்டால் சிறை; ஜங்ஷனில் அதற்கு மூடிய பருவமே கிடையாது, உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் ஆண்டு முழுக்கச் சுடலாம். நான் முதன்முதலில் அங்கே தொட்டி ஒன்றில் கேமரா கட்டி, வெண்வால் மானை எதிர்பார்த்து அதன் நினைவக அட்டையைத் திறந்தபோது, படத்தில் நின்றதெல்லாம் முதுமலைச் சாலையோரத்தில் பார்த்த அதே புள்ளிகள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புள்ளிமான் நீர்நிலையை விட்டு அதிக தூரம் போகாத பிராணி. புல்லும் தின்னும், புல் தீர்ந்தால் தழைக்கும் மாறிக்கொள்ளும். தழையையும் பூண்டையும் மட்டுமே நம்பியிருக்கும் வெண்வால் மான் அந்தப் போட்டியில் தோற்கும். நீங்கள் புதிதாகத் திறக்கும் தண்ணீர்ப் பந்தல் சொந்த ஊர்க்காரனை வெளியேற்றிவிட்டு வந்தேறிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாக முடியலாம். ஆக்சிஸ் வந்தால் சுட்டுக் குறையுங்கள். இறைச்சி மிக நல்ல இறைச்சி. உங்கள் துப்பாக்கி ஆசைக்கும் அதில் ஆண்டு முழுக்க வேலை உண்டு.

தண்ணீர் வைத்து வினையை விலைக்கு வாங்கிய பெரிய கதை தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் நடந்தது. 1930களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, வறண்ட வடபகுதி வரைக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரைத் தொடர்ந்து வரிக்குதிரை போயிற்று. வரிக்குதிரையைத் தொடர்ந்து சிங்கம் போயிற்று. அங்கே காலங்காலமாகச் சிங்கத்துக்கு எட்டாமல் உயரப்புல்லில் வாழ்ந்த ரோன் என்கிற அரிய மறிமான், 1986இல் 450 அளவில் இருந்தது, 1993இல் 45 ஆயிற்று. அதற்குப் பிறகு கிணறுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். 62 ஏக்கரில் சிங்கம் வராது, பன்றி வரும்.

ஆமாம், காட்டுப்பன்றி. ஈரமான சேறு எங்கே இருக்கிறதோ அங்கே அது உங்களுக்கு முன்னால் இருக்கும். புரண்டு, கிளறி, கழித்து, ஒரே வாரத்தில் நல்ல ஊற்றைச் சாக்கடையாக்கிவிடும். மண்கரைக் குளம் என்பது பன்றிக்கு நீங்கள் கட்டிக் கொடுக்கும் குளியலறை. நான் தொட்டி வேண்டும், சேறு வேண்டாம் என்று அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் நோய்.

கோடைக்கடைசியில் மான்களை வாரிக்கொண்டு போகும் இ.எச்.டி. என்ற ரத்தக்கசிவு நோய் உண்டு. அதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய ஒரு வகைக் கடிக்கும் ஈ. அது பெருகுவது வற்றிக்கொண்டிருக்கும் குட்டையின் சேற்று விளிம்பில். காய்ச்சல் கண்ட மான் தண்ணீரைத் தேடி ஓடி, அதன் கரையிலேயே செத்துக் கிடக்கும். சி.டபிள்யூ.டி. இன்னும் கொடியது. மானை எலும்பும் தோலுமாக உருக்கிக் கொல்வது, மருந்து இல்லை. டெக்சாஸில் 2012இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2015இல் வெண்வால் மான் பண்ணை ஒன்றில் வந்தது. அந்தக் கிருமி, கிருமி என்றுகூடச் சொல்ல முடியாத அந்தப் பிரியான் என்ற புரதம், எச்சிலிலும் சிறுநீரிலும் இறங்கி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எல்லா மானையும் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு முட்டவைக்கும் எந்த ஏற்பாடும் எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். ஒரு பெரிய தண்ணீரைவிட ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு மூன்று சிறிய தண்ணீர் மேல்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் மீன், வேட்டைத் துறையில் பென் கிளாடிங் என்றொருவர் இருந்தார். 1943இல் அவர் காடைகளுக்காக ஓர் எளிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். சரிவில் மழைநீர் பிடிக்க ஒரு தளம், அதன் கீழே மூடிய தொட்டி, தொட்டிக்குள் காடை நடந்து இறங்கிக் குடிக்கச் சரிவுப்பாதை. மோட்டார் இல்லை, குழாய் இல்லை. அதை 'கஸ்லர்' என்று அழைத்தார்கள். மேற்கு மாநிலங்களில் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் நிலத்துக்கு அதன் பெரிய தம்பி போதும்.

இருபது அடிக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கூரை ஒன்றை, கீழே தொட்டி அடங்கும் உயரத்தில், லேசான சாய்வில் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், எந்த விற்பனைப் பிரதிநிதியும் உங்களை ஏமாற்ற முடியாது. உங்கள் கூரை 22 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் பெய்யும் ஆண்டில் 13,000 லிட்டருக்கு மேல். சிதறல், ஆவி என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 10,000 லிட்டர் நிற்கும். பாதி மழை பெய்யும் மோசமான ஆண்டிலும் 5,000. பதினைந்து மான்கள் தலைக்கு மூன்று லிட்டர் வீதம் மழையே இல்லாத தொண்ணூறு நாள் குடித்தால் 4,000 சொச்சம். ஆக, 1,500 கேலன் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அதாவது 5,700 லிட்டர் அளவு, அந்தக் கூரையடி நிழலிலேயே. வெளிர் நிறத் தொட்டி வேண்டாம், கருப்போ கரும்பச்சையோ வாங்குங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பாசி பிடிக்கும். 2011 போல் வரலாறு காணாத வறட்சி வந்தால் இதுவும் தீரும். அப்போது ஒரு தண்ணீர் வண்டிக்குச் சொல்லி நிரப்பிக்கொள்ளலாம். குளத்தை வண்டி வைத்து நிரப்ப முடியாது.

தொட்டியிலிருந்து குடிக்கும் இடத்துக்கு ஒரு குழாய், முனையில் மிதவை வால்வு. குடிக்கும் இடம் சிமென்ட்டில், தரையோடு தரையாக, தாம்பாளம் மாதிரி இருக்க வேண்டும். ஓரத்தில் விரல்கடை ஆழம், நடுவில் முழங்கையளவு. மான் எதிலும் குடித்துக்கொள்ளும். வான்கோழிக் குஞ்சும் காடையும் உயரமான மாட்டுத் தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகும். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சரளை கொட்டிவிடுங்கள். சேறு வராது, கடிக்கும் ஈக்கும் பன்றிக்கும் இடமில்லை.

மிதவை வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பண்ணையில் போட்ட முதல் தொட்டியில் வால்வுக்குக் கூண்டு போடாமல் விட்டேன். ரக்கூன் என்ற சிறு காட்டுப் பிராணி ஒன்று மிதவைப் பந்தைக் கடித்து விளையாடியிருக்கிறது. ஒரே இரவில் தொட்டி காலி. ஆகஸ்ட் மாதம். நான் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, காய்ந்த தாம்பாளத்தைச் சுற்றி மண் முழுக்கக் குளம்புத் தடம். இரண்டு மாதம் தண்ணீர் காட்டிப் பழக்கிவிட்டு, அவை வேறெங்கும் தேட மறந்திருந்த நேரத்தில் கைவிட்டிருக்கிறேன். நிலத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை; எனக்குத்தான் இன்றும் அந்தத் தடங்கள் மறக்கவில்லை. வால்வுக்கு இரும்புக் கூண்டு போடுங்கள். வாரம் ஒருமுறை போக முடியாவிட்டால் உள்ளூர் ஆள் ஒருவரைப் பேசிவையுங்கள். கோடையில் நடுவில் நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஏறி வெளியேற வழி. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். மொஹாவே பாலைவனத்தில் பழைய கஸ்லர்களுக்குள் இறங்கிய ஆமைகள் வழுவழுப்பான தளத்தில் ஏற முடியாமல் உள்ளேயே செத்துக் கிடந்தன. செங்குத்துச் சுவர் உள்ள எந்தத் தொட்டியும் அணிலுக்கும் ஆந்தைக்கும் கிணறுதான். உங்கள் போர் கிணற்றில் சூரிய மோட்டார் வைத்து ஒரு மாட்டுத் தொட்டியையும் நிரப்ப நினைத்தால் நல்ல யோசனை. ஆனால் உள்ளே ஒரு சரிவு வையுங்கள். 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, சொரசொரப்பாக இருக்க வேண்டும், அடிவரை போக வேண்டும், முக்கியமாகச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். விழுந்த பிராணி நடுவில் நீந்தாது, சுவரைத் தடவிக்கொண்டே சுற்றும். சரிவுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு மூழ்கும். சரிவு வைத்த தொட்டியிலும் செத்த அணிலை எடுத்திருக்கிறேன், இந்த இடைவெளியால்தான். தொட்டிக்கு மேலே குறுக்குக் கம்பியும் வேண்டாம். ஆஸ்டினில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தடியிலிருந்து அந்தியில் கிளம்பும் வௌவால்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த இனமெல்லாம் பறந்தபடியே தண்ணீரை மொள்பவை. கம்பியில் இறக்கை அடிபட்டால் முடிந்தது.

எங்கே வைப்பது? மரக்கூட்டத்துக்கும் வெட்டவெளிக்கும் நடுவில் உள்ள விளிம்பில். ஒரு பக்கம் காடைக்கும் குட்டிக்கும் ஒளிய புதர், மறு பக்கம் மான் காற்றை மோந்து பார்க்கத் திறந்த இடம். புதர் தண்ணீரை ஒட்டியே இருக்கக் கூடாது, பாப்கேட் அதில்தான் படுத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கட்டும். ஃபீடருக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். சோளமும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் ரக்கூன் குடித்தனம் வந்துவிடும், அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வான்கோழி முட்டை மிஞ்சாது. நனைந்த சோளம் பூஞ்சை பிடித்துப் பறவைகளைக் கொல்லும் ஆபத்து வேறு. இருநூறு மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

பரண் கரையிலேயே போடலாமா என்று கேட்டீர்கள். டெக்சாஸ் சட்டம் அதைத் தடுக்கவில்லை. மானுக்குத் தீவனம் வைத்துச் சுடவே அங்கே அனுமதி உண்டு. மற்ற மாநிலங்கள் எல்லாம் அப்படியல்ல. அரிசோனாவில் விலங்கு தண்ணீருக்கு வர இடைஞ்சலாக நீர்நிலையின் கால் மைலுக்குள் கூடாரம் அடித்துத் தங்கவே முடியாது; வேட்டைக்காகத் தானியங்கிக் கேமரா வைப்பதையும் 2022 தொடக்கத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள், நீர்நிலைகளில் கேமராக்கள் குவிந்ததே பெரிய காரணம். வறண்ட நாட்டில் தண்ணீருக்கு வரும் பிராணிக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். இரண்டு தண்ணீர் வைத்தால் ஒன்றின் பக்கம் துப்பாக்கியோடு போகவே மாட்டேன். மற்றதிலும் பரண் தண்ணீரை நேரே பார்க்காது. அதற்கு வரும் தடத்தில், நூறு நூற்றைம்பது கஜம் தள்ளி, தென்கிழக்குக் காற்றுக்கு ஒன்றும் வாடைக்காற்றுக்கு ஒன்றுமாக இரண்டு இடம் பார்த்து வைத்திருப்பேன். தண்ணீரிலேயே இரண்டு மானைச் சுட்டால் மூன்றாவது மான் இருட்டிய பிறகுதான் வரும். பிறகு உங்களுக்கு வேட்டையும் இல்லை, கேமராவுக்குப் பகல்படமும் இல்லை. புறா வேட்டை செப்டம்பர் முதல் தேதி ஆரம்பிக்கும்போது மட்டும் தண்ணீர் உண்மையிலேயே வேலை செய்யும். புறா சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பும் வழியில் வெறுந்தரை விளிம்புள்ள தண்ணீரில் இறங்கும். இடம்பெயரும் பறவைகளுக்கு இரை தூவிச் சுடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தண்ணீர் அந்த வரையறைக்குள் வராது. ஆனால் ஃபீடரை மறந்துபோய் அருகில் விட்டிருந்தால் வரும்.

வரி. 1995இல் டெக்சாஸ் வாக்காளர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்தை வனவிலங்கு பராமரிப்புக்கு மாற்றினாலும் அதே மதிப்பீடு தொடரலாம் என்று ஆக்கினார்கள். வரி இன்னும் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆடு வளர்க்காமலே பழைய வரி நீடிக்கும், அவ்வளவுதான். ஏழு பணிகள் சொல்லியிருக்கிறார்கள்: வாழிடம் பேணல், மண்ணரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு, தண்ணீர், தீவனம், தங்குமிடம், கணக்கெடுப்பு. ஆண்டுதோறும் இவற்றில் குறைந்தது மூன்று பணிகளைச் செய்ய வேண்டும். நீங்கள் போடும் தாம்பாளமும் தொட்டியும் 'தண்ணீர்' என்ற கணக்கில் சேரும். கேமராவை முறையாக வைத்து எண்ணினால் கணக்கெடுப்பிலும் ஒன்று. ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: மண்ணின் சொந்த விலங்குகளுக்காகச் செய்ய வேண்டும். புள்ளிமானுக்கு ஊற்றிய தண்ணீருக்குச் சலுகை கிடையாது. உங்கள் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்கு மே 1க்கு முன் திட்டத்தோடு விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு முன் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் அந்தப் பகுதி உயிரியலாளரைக் கூப்பிடுங்கள். வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்து யோசனை சொல்ல அவர்கள் காசு வாங்குவதில்லை. என் தொழிலுக்கு நானே வைக்கும் வேட்டு இது, இருக்கட்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் குளம்தான் வேண்டும் என்று மைத்துனர் அடம்பிடித்தால், சட்டத்தில் பெரிய தடை இல்லை. சொந்த நிலத்தில் வீட்டு உபயோகம், கால்நடை, வனவிலங்குக்காக 200 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) வரை தேக்க அனுமதி தேவையில்லை, உங்களுடையது அதில் ஒரு மூலைக்கும் வராது. ஓடும் ஓடையின் குறுக்கே என்றால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தோண்டுவதற்கு முன் நாலைந்து இடத்தில் சோதனைக் குழி போட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அந்தக் குழியே மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடும்.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு. நீங்கள் பின்குறிப்பு மாதிரி எழுதியிருந்தாலும், 62 ஏக்கரில் தண்ணீரிலிருந்து அதிகம் பெறப்போவது அவர்தான்.

வீட்டுக்கு, அல்லது நீங்கள் நிறுத்தும் டிரெய்லருக்குப் பக்கத்தில், அங்கே சீடர் என்று அழைக்கும் ஜூனிப்பர் மரங்கள் அடர்ந்த ஓரமாக ஒரு தட்டைக் கல். குழிந்த கல்லாகக் கிடைத்தால் மேல். அதன் மேலே ஒரு வாளி, வாளியில் ஊசித்துளை, அல்லது போர் குழாயிலிருந்து ஒரு மெல்லிய சொட்டுக் குழாய். நம் ஊர்ச் சொட்டு நீர்ப் பாசனத்துக் குழாயே போதும். வினாடிக்கு ஒரு சொட்டு. தேங்கிய தண்ணீரைப் பார்க்காமல் பறந்து போகும் பறவை, சொட்டும் சத்தத்துக்கு நின்று திரும்பும். ஜங்ஷனுக்கு அருகிலேயே சவுத் லானோ ஆற்றுப் பூங்காவில் பறவை பார்க்கவென்றே மறைப்பறைகள் கட்டி, முன்னால் இப்படித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஒருமுறை இருவரும் போய் உட்கார்ந்து பாருங்கள். அதே பூங்காவில் குளிர்காலத்தில் வான்கோழிகள் இரவு தங்கும் ஆற்றோர மரங்களுக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை யாரையும் விடுவதில்லை.

ஏப்ரலில் அவர் காத்திருக்க வேண்டியது பொற்கன்னக் கதிர்க்குருவிக்கு. கன்னம் மஞ்சள், கழுத்து கருப்பு, சிட்டுக்குருவியைவிடச் சிறியது. உலகில் மத்திய டெக்சாஸைத் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. 1990இல் அழியும் இனமாக அறிவித்தார்கள். கூட்டுக்கு அது உரிப்பது முதிர்ந்த சீடர் மரத்தின் பட்டையை. ஆடு மேய்த்தவர்கள் அந்த நிலத்தில் கிழட்டுச் சீடர்கள் சிலவற்றை விட்டுவைத்திருப்பார்கள். குளக்காரரின் புல்டோசர் முதலில் தள்ளுவது அவற்றைத்தான். இந்த வாரக்கடைசியில் போகும்போது இருவருமாக நடந்து, பட்டை கீறிக் கீறித் தொங்கும் மரங்களுக்கெல்லாம் ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டு வாருங்கள்.